இல்லாத மிளகு

“தொண்ணூறு! ஏ தங்கப்பா, தொண்ணூறு ஆயாச்சு!”

தந்தித்தாளை ஆட்டிக்கொண்டே ஆரியசாலைக் கடைக்குள் துள்ளினார் சிவதாணு பிள்ளை. கணக்கெழுதும் தங்கப்பன் பேனாவை மூட மறந்து எழுந்து நின்றான்.

சித்திரையில், தரகர் யோசுவா மூலமாக இருபது கண்டி மிளகை, கண்டி நூற்றிருபது ரூபாய் என்று விற்றிருந்தார் பிள்ளை. கையில் ஒரு மணி மிளகு கிடையாது. வாங்கினது யாரென்றும் தெரியாது. ஆளைச் சொல்லாமல் இருப்பதுதான் தரகருக்கு மரியாதை. ஆடி முடிவதற்குள் பிள்ளை எப்போது ‘முடி’ என்று சொல்கிறாரோ, அப்போது ஆலப்புழையிலிருந்து தந்தியில் வந்திருக்கும் விலைக்கும் நூற்றிருபதுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோற்றவர் கட்ட வேண்டும். இறங்கினால் பிள்ளைக்கு லாபம், ஏறினால் வாங்கினவருக்கு. அதுதான் பேச்சு. இன்றைக்கு ஆடி கடைசி நாள்.

“கண்டிக்கு முப்பது வச்சு அறுநூறு ரூபா லாபம், அண்ணாச்சி!” என்றான் தங்கப்பன். “ஆனா சித்திரையில மிளகு ஏறும், ஏறும்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்தியளே?”

“விக்கப்போறவன் இறங்கும்னு சொன்னா எவன்டே வாங்குவான்? சோறு திங்கும்போது வீட்டிலயும் அதையேதான் சொன்னேன். கடையில ஒண்ணு, வீட்டில ஒண்ணு பேசினா எங்கயாவது நாக்கு பிசகிரும்!” பிள்ளை தொடையைத் தட்டிச் சிரித்தார்.

கடைக்குப் பின்கட்டுதான் வீடு. மனைவி பொன்னம்மை நடைக்கதவருகே வந்து நின்றாள்.

“அறுநூறு போதும். இப்பமே முடிச்சிருங்கோ.”

“அறுநூறா? சூடாமணி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேட்டது ஆயிரமாக்கும். ஆவணி பத்து முகூர்த்தம். மீதி நானூறை ஆகாசத்திலேருந்தா பறிக்க?”

“விலை ஏறிட்டுன்னா?”

“ஏறினா என் தலையெழுத்து. நீ போய் காப்பி போடு.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த யோசுவா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன வே யோசுவா, நீரு என்ன சொல்லுதீரு?”

“நான் ரெண்டு பக்கத்துக்கும் ஆளு, பிள்ளைவாள். எனக்கு வாயே கிடையாது.”

பதினொரு மணிக்கு அடுத்த தந்தி வந்தது. எண்பது!

“எண்ணூறு! போதும் அண்ணாச்சி, முடிச்சிருங்கோ!” தங்கப்பன் குதித்தான்.

“எழுபது வரட்டுடே. பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூத்தியெட்டுத் தேங்காய் உடைக்கேன்.” பிள்ளை காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

இரண்டு மணித் தந்தியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. மறுபடியும் தொண்ணூறு! கொச்சிக்குக் கப்பல் வந்திருக்கிறதாம். வெள்ளைக்காரக் கம்பெனி மிளகை வாரி வாங்குகிறதாம்.

“பிள்ளையாரப்பா!” பொன்னம்மை நெஞ்சில் கை வைத்தாள். “இந்த நிமிஷமே முடியுங்கோ. உங்க காலைப் பிடிக்கேன்.”

பிள்ளை ஆடிப்போனார். ‘மு’ என்ற எழுத்து வாய்வரை வந்துவிட்டது. கல்யாணச் சேலைக்கு எந்த நிறம் என்று காலையில் மகள் சூடாமணி கேட்டது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

“அஞ்சு மணித் தந்தி வரட்டு” என்றார்.

அந்த மூன்று மணி நேரமும் அவர் உட்காரவே இல்லை. சுக்கு கேட்ட வியாபாரிக்கு மல்லியை நிறுத்துக் கொடுத்தார். அவன் திட்டியதும் காதில் விழவில்லை.

ஐந்து மணிக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தந்தியைப் பிரிக்கப் பிள்ளைக்குக் கை வரவில்லை. தங்கப்பன்தான் பிரித்தான்.

“எழுபது! அண்ணாச்சி, எழுபது!”

“முடி! வே யோசுவா, முடி! முடி!” பிள்ளை தங்கப்பனைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். “சுளையா ஆயிரம்! பொன்னம்மை, கேட்டியா? மக கல்யாணம் நடந்தாச்சு! வே, போயி அந்த ஏமாளிகிட்ட பணத்தை வாங்கிட்டு வாரும். மிளகு ஏறும்னு நான் சொன்னதைப் போய் நம்பினான் பாரு, அவனுக்கு ஒரு மாலை போடணும்!”

யோசுவா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

நடைக்கதவிலிருந்து பொன்னம்மை கடைக்குள் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பல வருஷச் சிறுவாட்டு நோட்டுகளைக் கணக்குப் பெட்டிமேல் வைத்தாள். பக்கத்திலேயே, சூடாமணிக்கென்று எடுத்து வைத்திருந்த கல் அட்டிகையையும் வைத்தாள்.

“என் கையில அறுநூறுதான் இருக்கு. மீதி நானூறுக்கு இதை எடுத்துக்கிடுங்கோ. நீங்க சொன்னதை நம்பி மிளகு வாங்கினது நான்தான்.”