வேர் கழுவிய தண்ணீர்

மலேசியாவில், பூச்சோங் ஆராய்ச்சிக் கொட்டகையின் பிளாஸ்டிக் கூரையில் மழை தடதடக்கிறது. சஞ்சீவ் வளர்த்த நெற்பயிரைத் தொட்டியிலிருந்து பிடுங்கி, நீல வாளித் தண்ணீரில் வேரை அலசுகிறாள் கௌசலா. உரம் பாதிதான் போட்டது. மீதிக்கு அவன் மண்ணில் விட்ட பாக்டீரியா பாடுபட்டிருக்கிறது. வெள்ளைவெளேரென்ற வேர் அவள் கைக்குள் அடங்காமல் வழிகிறது. பக்கத்து மேசையில் அவளுடைய தொட்டிகள். அதே நெல், அதே பாதி உரம், அவள் தேடிப் பிடித்த பாக்டீரியா. ஆனால் இலையெல்லாம் மஞ்சள். எவருடையது ஜெயிக்கிறதோ அதுதான் வயலுக்குப் போகும். "உன்னோடது எப்படி இருக்கு, கௌசலா?" குடையை உதறியபடி சஞ்சீவ் வருகிறான். "ஓகே லா. வெயிலே இல்ல, அதான்." "கவலைப்படாத, வந்துரும்," என்கிறான். அதில் குத்தல்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பயிரை எடைபோட அவன் உள்ளே கொண்டுபோகிறான். அவனுடைய பாக்டீரியா மிதக்கும் கலங்கல் தண்ணீர் வாளியில் நிற்கிறது. கௌசலா கதவைப் பார்க்கிறாள். தன் தொட்டிகளில் மிக மஞ்சளானதை இழுத்து, வாளியை மெல்லச் சாய்க்கிறாள். "குடிச்சுத் தொலை," என்கிறாள் செடியிடம்.