பீரங்கிக்கு ஒரு வாத்தியார்

"இந்த நாயை வெச்சுக்கிட்டு 'வாங்க, தைத்துத் தரப்படும்'னு போர்டு வேற!"

கிழிந்த பேன்ட்டைக் கையால் பொத்திக்கொண்டு கத்திவிட்டுப் போனார் வாடிக்கைக்காரர். போன வாரம் அந்தப் பேன்ட்டைத் தைத்துக் கொடுத்ததும் இந்தத் தையல்காரிதான்.

தையல் மெஷினுக்கு அடியில் அவள் நாய் பீரங்கி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. கடித்தது அது. பயந்ததும் அதுதான்.

யாரோ அடித்துத் துரத்திய நாய். அவள் தூக்கி வந்து ஒரு வருஷம் ஆகிறது. அவளிடம் பஞ்சு மாதிரி இருக்கும். வேறு யாராவது கதவைத் தட்டினால் பேருக்கேற்ற பீரங்கி.

"இதோட மூணு பேர்," என்றார் அவள் கணவர். "இந்த மாசத்துக்குள்ள திருந்தலேன்னா வேற இடம் பார்த்து விட்டுடுவேன். பொழப்பா, நாயா? நீயே முடிவு பண்ணு."

கால்நடை டாக்டர் ஒரு பயிற்சியாளரை அனுப்பிவைத்தார். வந்தவன், கட்டிப்போட்டிருந்த பீரங்கியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எட்ட ஒரு நாற்காலியைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தான். நடுநடுவே வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைப் பின்னால் வீசினான்.

அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"தம்பி, பயிற்சி எப்ப ஆரம்பிக்கும்?"

"நடந்துக்கிட்டிருக்குக்கா."

"பேப்பர் படிக்கிறதா? அதை எங்க வீட்டுக்காரர் கல்யாணமான நாள்லேருந்து செய்யறார். இந்த வீட்டுல ஒரு ஈ காக்கா திருந்தல."

உள்ளறையில் யாரோ கனைத்தார்கள்.

"ஆள் வந்தா அடி விழாது, கோழிதான் விழும்னு அதுக்குப் புரியணும்க்கா. அதுவா கிட்ட வரணும். நாம கை நீட்டக் கூடாது."

பத்தாவது நாள், பீரங்கி மெல்ல வந்து அவன் செருப்பை மோந்து பார்த்தது. தையல்காரி சந்தோஷத்தில் "ஐயோ!" என்று கத்த, அது மெஷினுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

"நாய் பாஸ்," என்றான் அவன். "நீங்கதான் ஃபெயில்."

தெருவில் நடக்கக் கூட்டிப் போனால் அதைவிடக் கூத்து. தூரத்தில் இன்னொரு நாயின் வால் தெரிந்தாலே அவள் கயிற்றை இழுத்துப் பிடிப்பாள். அவள் பிடிக்கப் பிடிக்க இது பாயும்.

"உங்க பயம் கயிறு வழியா அதுக்குப் போகுதுக்கா."

"அது கயிறா தம்பி, கரண்ட் கம்பியா?"

அவன் தலையைச் சொறிந்தான். இரண்டு நாள் ஆளையே காணோம். மூன்றாம் நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"இன்னைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில ராஜாத்தின்னு ஒரு நாய் வரும். பரம சாது. எத்தனையோ முரட்டு நாய்களைத் திருத்தின வாத்தியார். நீங்க கயிற்றைத் தளர விட்டுட்டு நடந்தா போதும், மீதியை அது பார்த்துக்கும். ஆனா கூட வர்றவர்கிட்ட பேச்சுக் குடுத்துடாதீங்க. நாய்க்குக் கவனம் சிதறும்."

சொன்னபடியே வந்தது ராஜாத்தி. பழுப்பு நிறம், ஆடி அசைந்த நடை. கயிற்றைப் பிடித்திருந்தவர் ஒரு பேக்கரிக்காரர்; சட்டையெல்லாம் மாவு. அவர் கையில் கயிறு தொட்டில் மாதிரி தொங்கியது.

வாத்தியாரே வந்தாச்சு, இனி நமக்கென்ன கவலை என்று அவளும் கையைத் தளர்த்தினாள். பீரங்கி ஒரு தடவை உறுமிப் பார்த்தது. பிறகு தெருவிளக்குக் கம்பத்தை மோந்துகொண்டு நடந்தது.

"பாத்துக் கத்துக்கடா," என்று அதன் காதில் சொன்னாள். "நாய்னா அப்படி இருக்கணும்."

முதலில் நடுவே முழுத் தெரு இருந்தது. அப்புறம் பாதித் தெரு. மாசக் கடைசியில் இரண்டும் ஒரே நடைபாதையில், ஒட்டிக்கொண்டு.

கடைசி நாள் பயிற்சியாளன் எல்லோரையும் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். கணவர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பீரங்கி பேக்கரிக்காரரைப் பார்த்து, மரியாதைக்கு ஒரே ஒரு குரை குரைத்தது. அவர் வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். அது அவர் காலை மோந்தது, தும்மியது, ராஜாத்தியை இடித்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்தது. இடம் போதாமல் ராஜாத்தி அதன் மேலேயே தலையை வைத்துக்கொண்டது.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்று கணவர் காலைக் கீழே இறக்கினார்.

தையல்காரி காபியோடு பேக்கரிக்காரரிடம் போனாள். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"இனிமே பேசலாமில்லம்மா? உங்களுக்கு நன்றி சொல்லணும்னு எத்தனை நாளா துடிக்கிறேன் தெரியுமா! இந்த ராஜாத்தி என் கடைக்கு வந்த ஒருத்தரை விட்டு வைக்கல. எல்லார் மேலயும் பாய்ஞ்சது. 'எத்தனையோ முரட்டு நாய்களைத் திருத்தின பீரங்கின்னு ஒண்ணு இருக்கு, அது எதிர்ப்பக்கம் வரும், நீங்க தைரியமா கயிற்றைத் தளர விடுங்க'ன்னு தம்பி சொன்னதாலதான் எனக்கே உயிர் வந்தது."

அவள் திரும்பிப் பார்த்தாள். பயிற்சியாளன் மிகுந்த அக்கறையோடு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாய் வரைக்கும் வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, தையல்காரி காபியை நீட்டினாள்.

"அதுக்கென்னண்ணே... எங்க பீரங்கிக்குப் பிறவியிலேயே பொறுமை ஜாஸ்தி."