பூதமா, வைத்தியரா

அடிபட்டு விழுந்தவனைத் தூக்கி நிமிர்த்த ஆளே இல்லாத அணியை நீங்கள் களத்தில் இறக்குவீர்களா? லான்செஸ்டன் நகரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுச் சமையலறையில் வீட்டுக்காரரின் மகள் நெரிடா அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். நாளை அவளுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. மாலை வெயில் மேசையில் சாய்ந்து, விரல் உயரக் குட்டிச்சாத்தான் பொம்மைகளின் நிழலை ரொட்டித் தட்டு வரை நீட்டுகிறது. பகடை உருட்டி மேசையில் பொம்மைகளை வைத்து ஆடும் பந்தாட்டத்துக்குப் புது அணி. மிச்சமிருக்கும் விளையாட்டுப் பொற்காசில் பூதமோ வைத்தியரோ, ஒன்றைத்தான் வாங்கலாம். பெயின்ட் காயாத பூதத்தின் பச்சை முதுகில் அவள் மெல்ல ஊதுகிறாள். “வைத்தியர் இல்லாம எவளாவது டீம் எடுப்பாளா? இந்த ஆட்டத்துல செத்தா செத்ததுதான், நெரி,” என்கிறான் அவள் தம்பி கோரி. “நாளைக்கு எனக்கே ஒரு டாக்டர் இருக்காருடா, அது போதும். எனக்குப் பூதம்தான் வேணும்.” “அது பாதி நேரம் நம்ம ஆளையே பிடிச்சுத் தின்னும்.” “உன்னை மாதிரியே. எழுதுடா.” கோரி சிரிக்காமல் அணிப் பட்டியலில் எழுதுகிறான். கெட்டில் கொதித்து அடங்குகிறது, யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் பொம்மை பொம்மையாக விலகிப் போகிறது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் நெரிடாவை அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள். கதவு மூடியதும் கோரி பட்டியலை எடுத்து, ‘பூதம்’ என்பதை அடித்துவிட்டு ‘வைத்தியர்’ என்று எழுதினான்.