ராசம்மாள் எடுத்த தொக்கம்

“தின்னது குடல்ல ஒட்டிக்கிச்சு சாமி. தொக்கம்தான். எடுத்துப்போட்டாச் சரியாயிரும்” என்றாள் ராசம்மாள்.

அவள் மடியில் ஒன்றரை வயது மோனிஷா துவண்டு கிடந்தாள். ஒரு நாளாக வாந்தி, பேதி. தறி ஓட்டுகிற அம்மா சௌந்தர்யா பக்கத்தில் தவிப்போடு நின்றாள். பின்னால் இன்னும் ஏழெட்டுத் தாய்மார்கள், பிள்ளைகளோடு.

ராசம்மாள் குழந்தையின் தொண்டையில் வாய்வைத்து உறிஞ்சக் குனிந்தாள்.

“முதல்ல உங்க வாயைத் திறங்க!”

வாசலில் சுகன்யா டீச்சர். பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறவர். பொய் என்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ராசம்மாளின் கன்னத்துக்குள்ளிருந்து முறுக்குத் துண்டு ஒன்று வெளியே வந்தது.

“பாத்தீங்களா? ஒட்டிக்கிறதுக்குக் குடல் என்ன தோசைக்கல்லா? உள்ள போனதைத் தோலுக்கு மேல உறிஞ்சினா எப்படி வரும்?”

“சனம் போவட்டும் டீச்சர். தனியாப் பேசலாமுங்களா?” ராசம்மாள் கெஞ்சினாள்.

“ஏன், எல்லார் முன்னாடியும் பேசுங்களேன்!”

ராசம்மாள் குழந்தையைச் சௌந்தர்யாவிடம் கொடுத்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போம்மா” என்றார் டீச்சர்.

“சரிங்க” என்று தலையாட்டினாள் சௌந்தர்யா.

அன்றைக்கெல்லாம் டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் சேதி வந்தது. அலறியடித்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மோனிஷாவின் பிஞ்சுக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறக்கவில்லை.

“உடம்புல தண்ணியே இல்ல. ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா இவ்வளவு ஆயிருக்காது. இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்கறார் டாக்டர்” என்றாள் நர்ஸ்.

டீச்சர் சௌந்தர்யாவிடம் திரும்பினார். “அன்னிக்கே போகச் சொன்னேனே சௌந்தர்யா?”

“தொக்கத்தோட எப்படிப் போறதுன்னு அடுத்த ஊர்ல ஒருத்தருகிட்டப் போனமுங்க டீச்சர். மூணு தடவை எடுத்தாருங்க. நல்லாயிருச்சு, ஊட்டுக்குப் போங்கன்னுட்டாரு.”

“அவரும் பொய், அந்த ராசம்மாளும் பொய். யார் எடுத்தாலும் இதே கதிதானே?”

“இல்லீங்க டீச்சர்.” சௌந்தர்யா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ராசம்மாக்கா யாரையும் ஊட்டுக்குப் போவ உடாதுங்க. ‘தொக்கத்த எடுத்தாச்சு, எடுத்த எடம் புண்ணா இருக்குது, டாக்டர் ஊசி போட்டாத்தான் ஆறும்’னு சொல்லி, கையோட இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏத்தி உடுமுங்க.”