அட்டையில் நான்கு சொட்டு

“இந்த வாரமும் நாலு சொட்டு,” என்று அட்டையை மெக்கானிக்கின் மேஜைமேல் வைத்தார் ஓய்வுபெற்ற சர்வேயர்.

கார் நிறுத்தும் இடத்தில் இரவு விரித்து, காலையில் மடங்காமல் தூக்கிவந்த அட்டை. முன்சக்கரம் எங்கே, பின்சக்கரம் எங்கே என்று பென்சிலால் அளந்து குறித்திருந்தார். நடுவே தேன் நிறத்தில் நான்கு சொட்டு ஆயில்.

சொட்டு விழும் இடத்தை வைத்தே ஒழுகும் இடத்தைப் பிடித்துவிடலாம் என்று போன வருடம் சொல்லிக்கொடுத்தது மெக்கானிக்தான். அன்றிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறியதில்லை.

மெக்கானிக் குனிந்து வெகுநேரம் பார்த்தான். “சும்மா நிக்கும்போது இன்ஜின் எப்படி சார்? ஐடிலிங்ல நடுங்குதா?”

“நடுங்குது. சிக்னல்ல நின்னா, இப்படி...” கையை நீட்டி உதறிக் காட்டினார்.  பிறகு கையைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

பெஞ்சில் காத்திருந்த டாக்ஸி டிரைவர் சும்மா இருக்கவில்லை. “ஏன் பெரியவரே, அட்டையத் தூக்கிட்டு அலையறதுக்கு வண்டியவே ஓட்டிட்டு வந்தா என்ன?”

சர்வேயர் அட்டையின் ஓரத்தை நிமிர்த்தத் தொடங்கினார்.

“நீ டாக்டர்கிட்ட போனா ஒரு சொட்டு ரத்தம்தானேய்யா குடுக்குற? ஆளையா கழட்டிப் பாக்குறாங்க?” என்றான் மெக்கானிக். டிரைவர் சிரித்துவிட்டுத் தன் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

வழக்கம்போல் இரண்டு டீ வந்தது. ஒழுகுவது வால்வு கவர் பேக்கிங்கா, ஆயில் சீலா என்று அரைமணி நேரம் பேச்சு ஓடியது.

சர்வேயருக்கு வீட்டில் பேச ஆளில்லை. மனைவி போய் இரண்டு வருடம். மகளின் போன் மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் குக்கர் விசில் வரும்வரை. ஒழுகல் பிடிபட்டுவிட்டால் இந்தச் செவ்வாய்க்கிழமையும் இல்லை.

“எங்கேயிருந்து வருதுன்னு தெரிஞ்சிடுச்சு சார்,” என்றான் மெக்கானிக்.

சர்வேயர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “எங்கேயிருந்து?”

மெக்கானிக் எழுந்தான். அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தான். உள்ளே மை போலக் கறுத்த ஆயில்.

“உங்க வண்டிய வாங்கினவரு நேத்து சர்வீசுக்கு விட்டாரு. அதுலேருந்து வடிச்சது.”

சர்வேயர் தலை நிமிரவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

“புது ஆயில்தான் சார் தேன் மாதிரி இருக்கும். ஓடுற வண்டியோடது கறுத்திருக்கும். அடுத்த செவ்வாய்க்கு இந்த பாட்டில்லேருந்து அட்டையில நாலு சொட்டு விட்டு எடுத்துட்டு வாங்க.”