ஒரு முறம் தவிடு
திருத்தணி மலைப்படியின் அடியில் வெயில் கல்லைச் சுட ஆரம்பித்திருக்கிறது. முதல் பிள்ளை தங்காததால், இந்த நாற்பது நாள் குழந்தையைப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளிடம் கொடுத்துவிட்டு, தவிடு தந்து திரும்ப வாங்கும் சடங்கு. அவள் முறத்திலிருந்த தவிட்டை முந்தானையில் வாங்கிக்கொண்டு குழந்தையை நீட்டுகிறாள். தாய் மோகனாவின் கைகள் கழற்றிவைத்தவை போல மடியில் கிடக்கின்றன. பால் கசிந்து ரவிக்கையில் வட்டம் பெரிதாவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேலே மணி அடித்து ஓய்கிறது. "வாங்கேன்டி, நல்ல நேரம் போவுது" என்கிறாள் மாமியார். குழந்தை வீறிடுகிறது. மோகனா அசையவில்லை. கன்னியம்மாள் குழந்தையைத் தோளில் சாய்த்து, ஒரு கையால் தவிட்டை முறத்திலேயே திருப்பிக் கொட்டிவிட்டு, மோகனாவை ஒட்டிப் படியில் உட்காருகிறாள். "அவள ஒண்ணும் சொல்லாதக்கா. நான்தான் இன்னும் குடுக்காம வெச்சிகினு இருக்கேன்."