மனம் மாறிய கடைக்காரர்

மாதனூர் பக்கத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜெபகனி டீச்சர் ஒரு நாடகம் சொல்லிக்கொடுத்தாள். டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்திருக்கும் கடைக்காரர், கடைசியில் மனம் மாறி எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் டீ கொடுக்கிறார். அவ்வளவுதான் கதை.

கடைக்காரராக லாவண்யா. இத்தனை நாளும் தனி டம்ளரில் குடித்தவனாக ஜோசுவா.

"வாங்கண்ணே! இனிமே எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான்." சிரித்த முகத்தோடு லாவண்யா டீயை நீட்டினாள். ஜோசுவா குடித்துவிட்டுப் போனான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

லாவண்யா நிறுத்தவில்லை. டம்ளரைத் துணியால் பிடித்து எடுத்தாள். மூன்று தரம் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுபோல் செய்தாள். பிறகு நெருப்பில் வாட்டுவதுபோல் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"இன்னா லாவண்யா இது? நான் சொல்லிக்குடுக்கவே இல்லியே?"

"எங்க அம்மா இப்டித்தான் டீச்சர் செஞ்சாங்க."

"எப்போ?"

"எனக்குக் காய்ச்சல்னு பாக்க வந்தீங்களே, அன்னிக்கு. நீங்க காப்பி குடிச்சிட்டுப் போனதும் அந்த டம்ளர அடுப்புல வாட்டுனாங்க."

'இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா டீச்சர்?' என்று அந்த அம்மா வற்புறுத்தியது ஜெபகனிக்கு நினைவு வந்தது. அவள் அந்த டம்ளரையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு லாவண்யா பயந்துபோனாள்.

"தப்பா நடிச்சிட்டேனா டீச்சர்?"

"இல்ல கண்ணு, நீ சரியாத்தான் நடிச்ச. நான்தான் நாடகத்த சீக்கிரமே முடிச்சிட்டேன்."